ஹாலோவீன் பண்ணையில் ‘குடும்பத்தோடு வரலாம்’ என்ற போர்டை நம்பலாமா?

கேள்வி – செப்டம்பர் 29, 2024

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பையனுக்கு நாலரை வயது. ஆபீஸில் எல்லோரும் ஹாலோவீன் என்ற பேய் வேஷப் பண்டிகையை ஒட்டி அக்டோபரில் பண்ணைக்குப் போங்கள் என்கிறார்கள். டிராக்டர் இழுக்கும் பேய் வண்டி இருக்கிறதாம், ‘குடும்பத்தோடு வரலாம்’ என்று போட்டிருக்கிறதாம். எங்கள் பையன் வாக்குவம் கிளீனர் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். கூட்டிப்போகலாமா? போனவர்கள் சொல்லவும்.

பதில் – செப்டம்பர் 29, இரவு

போகலாம். பகலில் போங்கள்.

இங்கே பல பண்ணைகளுக்கு அக்டோபரில் இரண்டு முகம். பகலில் பூசணி பறிப்பது, சோளக்காட்டுக்குள் வழி தேடுவது, ஆட்டுக்குட்டிக்குத் தீனி, சைடர் டோனட். இருட்டியதும் அதே வண்டி, அதே மரத்தடி, ஆனால் உள்ளே முகமூடி போட்ட ஆட்கள் ஒளிந்திருப்பார்கள். சில இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ‘கொஞ்சமாகப் பயமுறுத்தும்’ சவாரி ஒன்று உண்டு. சூனியக்காரி கையசைப்பாள், எலும்புக்கூடு மிட்டாய் கொடுக்கும்.

போர்டில் உள்ள வார்த்தையை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். டிக்கெட் வாங்கும் முன் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். நடிப்பவர்கள் ஆளைத் தொடுவார்களா? பாதியில் வெளியே வர வழி உண்டா? பகல் சவாரி எத்தனை மணிக்கு முடிகிறது? மூன்றுக்கும் பட்டென்று பதில் வந்தால் நல்ல இடம். ‘இணையதளத்தைப் பாருங்க’ என்றால் வேறு பண்ணை தேடுங்கள், நியூ ஜெர்சியில் பண்ணைக்கா பஞ்சம்.

செப்டம்பர் 30

வாக்குவம் கிளீனர் விஷயத்தை நேற்று சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அதுதான் முக்கியமே.

இந்த இடங்களில் குழந்தைகளை அழவைப்பது முக்கால்வாசி சத்தம்தான். மரம் அறுக்கும் செயின்சா, கம்ப்ரெஸரிலிருந்து புஸ்ஸென்று அடிக்கும் காற்று, தகரத்தில் ஓங்கித் தட்டுவது. பொம்மைப் பேய்களை எங்கள் சின்னவன் ‘பிளாஸ்டிக்’ என்று ஒதுக்கிவிடுவான். காற்று அடித்தால் போச்சு. காதுக்கு வைக்கும் மஃப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாசுக்கென்று வாங்கி வைத்தது உங்கள் வீட்டில் இருக்கலாம், எங்கள் வீட்டில் இருந்தது.

ஆஸ்துமா உள்ள பிள்ளையாக இருந்தால் புகை மிஷினும் வைக்கோல் தூசியும் சேர்ந்து படுத்தும். வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் லைட் இருக்கும் இடத்துக்கே போகக் கூடாது. இதில் ‘பார்த்துக்கலாம்’ வேண்டாம்.

அக்டோபர் 2

கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் ‘நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் போனோம், குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பண்ணை என்றால் இவ்வளவு யோசிப்பானேன்’ என்று கேட்டிருக்கிறார். அது பெயரில்தான் பண்ணை. ஒரு காலத்தில் பாய்சன்பெர்ரி என்ற பழம் விளைந்த இடம், இப்போது முழுக்க தீம் பார்க். ஆனால் இந்தக் கூத்துக்கு ஒரு வகையில் தாய்வீடு அதுதான். 1973இல் அங்கே ஹாலோவீன் இரவு தொடங்கியது, அதற்குப் பிறகுதான் மற்ற பெரிய பார்க்குகளும் அக்டோபரைப் பிடித்துக்கொண்டன. அங்கேயும் இரவு நிகழ்ச்சிக்கு 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் கூட்டிவர வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் போனது பகலாக இருக்கும்.

அமெரிக்காவில் ஹாலோவீன் பேய் வீடு என்ற ஏற்பாடே குழந்தைகளைச் சமாளிக்க வந்ததுதான், இது எனக்குப் பிடித்த தகவல். 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ஹாலோவீன் ராத்திரி பையன்கள் தெருவில் இறங்கி வண்டி டயரைக் கிழிப்பதும் வேலியை உடைப்பதுமாக இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெற்றோர் சேர்ந்து வீட்டு நிலவறைகளை இருட்டாக்கி, ஈரப் பஞ்சைத் தொங்கவிட்டு, வரிசையாக வீடுவீடாக அனுப்பிப் பொழுதைக் கழிக்கவைத்தார்கள். பிறகு 1969இல் டிஸ்னிலேண்டில் பேய் மாளிகை திறந்தது. 70களில் ஜேசீஸ் மாதிரி ஊர்ச் சங்கங்கள் நிதி திரட்டப் பேய் வீடு நடத்தின. பண்ணைக்காரர்கள் வந்து சேர்ந்தது கடைசியில்.

அக்டோபர் 5

‘முகமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னால் பிள்ளை தெளிந்துவிடும்’ என்று மேலே ஒரு யோசனை வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம், கிட்டத்தட்ட இதே நேரம். சின்னவன் அழ ஆரம்பித்ததும் சூனியக்காரி வேஷம் போட்ட பெண் மண்டி போட்டு உட்கார்ந்து முகமூடியை மெதுவாக மேலே தூக்கினாள். கல்லூரிப் பெண், அழகாகச் சிரித்தாள். பையன் அழுகையை நிறுத்தினான். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் வரை யார் வந்து கதவைத் தட்டினாலும் ‘அவங்க முகத்தைத் தூக்கினா உள்ளே யாரு இருப்பா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். தபால்காரரைக்கூட விடவில்லை. பேய்க்குள் மனிதர் இருக்கிறார் என்று அவனுக்குக் காட்ட நினைத்தோம். அவன் எடுத்துக்கொண்டது மனிதருக்குள்ளும் பேய் இருக்கலாம் என்று.

அதைவிட எங்களுக்கு உதவியது வேறொன்று. சவாரி முடிந்து வண்டி வந்து நிற்கும் இடத்தில், டிக்கெட் வாங்கும் முன்பே, போய் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். இறங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். உங்கள் பிள்ளை வயதுக் குழந்தைகள் எப்படி இறங்குகிறார்கள்? சிரித்துக்கொண்டா, அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டா? உங்கள் பையனும் அதைப் பார்க்கட்டும். உள்ளே போனவர்கள் எல்லோரும் முழுசாகத் திரும்பி வருகிறார்கள் என்பது அவன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், நாம் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. அங்கே நின்றால் உள்ளிருந்து வரும் சத்தத்தின் அளவும் தெரிந்துவிடும். இதைச் செய்ய யாரும் காசு கேட்பதில்லை.

அக்டோபர் 13

நேற்று போய்வந்தோம். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறார், அவரையும் கூட்டிப்போனோம். உடுமலைப் பக்கம் அவருக்கு மக்காச்சோளக் காடு. கோழித் தீவனத்துக்குப் போடுவது. ஆகவே இந்தக் குறிப்பில் பேய் குறைவாகவும் சோளம் அதிகமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பூசணி. முந்தின நாள்தான் வீட்டில் ஆயுத பூஜை முடிந்திருந்தது. மாமா சுற்றிவந்து பார்த்துவிட்டு, ‘நம்மூர்ல மூஞ்சி வரைஞ்சு கட்டித் தொங்கவுடுவோம், இவங்க குடைஞ்சு வெளக்கு வெச்சிருக்காங்க, அவ்வளவுதானுங்’ என்று என் கணவரிடம் சொன்னார். அதோடு ஹாலோவீன் தத்துவம் அவருக்கு முடிந்துவிட்டது.

சோளக்காட்டுப் புதிர்வழிக்குள் போனதும் பிள்ளைகள் வழி தேடினார்கள், இவர் பயிரின் குருத்தைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். ‘என்ன மாமா தேடறீங்க?’ என்றால், ‘படைப்புழு’. 2018இல் இந்தியாவுக்குள் வந்து அவர் பக்கத்துச் சோளத்தையெல்லாம் நாசம் செய்த அதே அமெரிக்கப் படைப்புழு. ‘அதோட சொந்த ஊருக்கே வந்திருக்கறேன், இங்க ஒரு எலையிலகூடக் கடி இல்லியே கண்ணு!’ என்று ஒரே ஆதங்கம். நேற்று முழுதும் அங்கே நிஜமாகத் திகிலோடு நடந்த ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம் வேலை செய்யும் பையனைப் பிடித்து (நான்தான் நடுவில் மொழிபெயர்ப்பு) விவரம் கேட்டார். வழக்கமான விதைப்புக்குப் பிந்தித்தான் இதை விதைக்கிறார்களாம், அப்போதுதான் அக்டோபர் வரை தண்டு விறைப்பாக நிற்கும். நெடுக்கு ஒரு தடவை, குறுக்கு ஒரு தடவை விதைத்தால் அடர்த்தி கிடைக்கும், அடுத்த வழியில் நடப்பவர் கண்ணில் பட மாட்டார். முழங்கால் உயரம் வந்ததும் வரைபடத்தை ஜிபிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வழிகளை வெட்டிவிடுவார்கள். கூட்டம் ஓய்ந்த பிறகு மிஷின் விட்டு அறுத்து, மணி தீவனத்துக்குப் போகும். ‘அப்ப வெள்ளாமையும் வந்துருது, டிக்கெட்டும் வந்துருது’ என்று மாமா நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார். ஏக்கருக்கு எவ்வளவு டிக்கெட் என்று கேட்டார். பையனுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டான்.

இந்தச் சோளக்காட்டு விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 1993இல் பென்சில்வேனியாவின் ஆன்வில் ஊரில், லெபனான் வேலி கல்லூரியை ஒட்டி, டான் ஃபிரான்ட்ஸும் இங்கிலாந்தின் ஏட்ரியன் ஃபிஷரும் டைனோசர் வடிவில் போட்டதைத்தான் முதல் நவீனப் புதிர்வழி என்கிறார்கள். கலிஃபோர்னியாவில் டிக்சன் என்ற ஊரில் 2014இல் 60 ஏக்கருக்குப் போட்டு கின்னஸில் ஏறினார்கள். உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் 911 என்ற அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்தது செய்தியில் வந்தது.

சரி, பேய். பகல் சவாரியில் சின்னவன் மடியில் உட்கார்ந்து முழுதும் பார்த்தான். ஏறும் முன் இறங்குமிடத்தில் நின்று பார்த்தோம், அது இந்தத் தடவையும் உதவியது. பெரியவள் மூன்றாம் வகுப்பு, அவள்தான் ஓர் இடத்தில் என் கையைப் பிடித்தாள். பேயைப் பார்த்தல்ல. ஓரத்தில் நாற்காலியில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை அசையாமல் உட்கார்ந்திருந்தது. ‘அது ஆளா, பொம்மையா?’ வண்டி தாண்டிப் போகும்வரை அது அசையவே இல்லை. இறங்கிய பிறகு அவளாகவே அங்கிருந்த பெண்ணிடம் போய்க் கேட்டாள். உள்ளே ஆள்தானாம். அவருக்கு அன்றைய வேலையே அசையாமல் இருப்பதுதானாம். அவரை வரவழைத்துத் தொப்பியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள், இவள் ஒரே சிரிப்பு. ஆக முகமூடி கழற்றுவது வேலைக்கு ஆகாது என்று நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு வயதுக்கு ஆகிறது, தானாகக் கேட்டால் இன்னும் நன்றாக ஆகிறது.

அக்டோபர் 14

நேற்று விட்டுப்போனது. செயின்சாவோடு ஒருவன் வண்டியைத் துரத்தினான். வண்டி முழுதும் அலறல். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஏங்கண்ணு, ரம்பத்துல சங்கிலியே இல்லியே, இத வெச்சு எதைய அறுப்பான்?’ சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரை ஓடவிடுவதுதான் இவர்கள் வழக்கம். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லலாமா, சொன்னால் சுவை போய்விடுமா என்று வீட்டில் வாதம் நடக்கிறது. வாக்குவம் கிளீனர் பையனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

தூசிக்கு ஏதாவது கொண்டுபோங்கள். சாதாரணமாக அக்டோபரில் பண்ணை என்றாலே சேறு, ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வோம். இந்த மாதம் ஒரு சொட்டு மழை இல்லை. வண்டி போனால் பின்னால் புழுதி மேகம். நெருப்பு மூட்டி மார்ஷ்மெல்லோ சுடும் குழிகளையும் மூடி வைத்திருந்தார்கள்.

அக்டோபர் 17

‘இதெல்லாம் தகரக் கொட்டகை, தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா’ என்று ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். கோபப்பட வேண்டிய விஷயம்தான். நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1984 மே 11, ஜாக்சனில் உள்ள கிரேட் அட்வென்ச்சர் பார்க்கில் பேய்க் கோட்டை எரிந்து எட்டு இளவயதினர் இறந்தார்கள். லாரி டிரெய்லர்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த இடம். உள்ளே நுரை மெத்தைகள், தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கிடையாது. புகையைக் கண்டவர்கள் அதுவும் காட்சியில் ஒன்று என்றே நினைத்தார்களாம்.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. மூடிய பேய் வீட்டுக்கு ஸ்பிரிங்க்ளர் வேண்டும். புகையைக் கண்டதும் எச்சரிக்கை ஒலித்து, இருட்டான இடத்தில் தானாக விளக்கு எரிய வேண்டும், வெளியேறும் வழி தெரிய வேண்டும். உள்ளே நுழைந்ததும் பச்சையிலோ சிவப்பிலோ ‘எக்ஸிட்’ பலகை எரிந்து திகிலைக் கெடுக்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் பார்த்தால்தான் உள்ளே போகவே தைரியம் வரும்.

வண்டிக்கும் இதே பேச்சு. 2014 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தில் வைக்கோல் வண்டி இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து கவிழ்ந்ததில் 17 வயதுப் பெண் இறந்தாள், இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இழுத்தது டிராக்டர் இல்லை, ஒரு பழைய ஜீப். நான் இப்போதெல்லாம் ஏறும் முன் எது இழுக்கிறது, பக்கக் கட்டை எவ்வளவு உயரம், பாதை இறக்கமா சமமா என்று பார்க்கிறேன். மாமா அன்றைக்கு என்னைக் கேட்காமலே குனிந்து கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அக்டோபர் 20

நேற்று பிள்ளைகளை மாமாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நண்பர்களோடு இரவுக் காட்சிக்குப் போனோம், வேறொரு பண்ணை. பெயர் வேண்டாம், ஏனென்றால் திட்டப் போகிறேன்.

பகல் சவாரியின் கடைசி வண்டி இன்னும் உள்ளே இருக்கும்போதே இரவு ஆட்கள் வேஷம் போட்டு இடத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடுகிறது. அந்த வண்டியிலிருந்து இறங்கிய ஒரு குழந்தை, மூன்று வயதுகூட இருக்காது, அழக்கூட முடியாமல் விக்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா கவுன்டரில் கேட்டதற்கு ‘போர்டிலேயே மாலை ஆறு வரை என்று இருக்கிறது’ என்று பதில். மணி அப்போது ஆறாகவில்லை.

முதல் குறிப்பில் ‘பகலில் போங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் இறுக்குகிறேன்: இரண்டு மணிக்குப் போய் நாலரைக்குள் வண்டிச் சவாரியை முடித்துவிடுங்கள். டோனட் வரிசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டோனட் இருக்கும் இடத்தில் குளவியும் இருக்கும், சர்க்கரை ஒட்டிய கையைத் துடைத்துவிடுங்கள்.

இரவுக் காட்சி நன்றாகத்தான் இருந்தது, பாதிவரை. அதற்குப் பிறகு எனக்குக் கத்திக் கத்தி அலுத்துவிட்டது. டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டில் 110 பேருக்கு இதயத் துடிப்பு மானி மாட்டி ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் வெளிவந்தது. பயம் கம்மியானாலும் ரசிக்கவில்லை, மிஞ்சினாலும் ரசிக்கவில்லை, நடுவில்தான் ரசித்தார்கள் என்று முடிவு. சாம்பாருக்கு உப்பு மாதிரி. பிரச்சினை என்னவென்றால் ஒரே வண்டியில் இருபது பேர், இருபது பேருக்கும் நாக்கு வேறு. நாலரை வயதுக்கான உப்பை இரவில் யாரும் போட மாட்டார்கள்.

அக்டோபர் 24

உப்பைப் பற்றி எழுதியதும் சாம்பாருக்கே வந்துவிட்டார்கள். வாங்கிவந்த பூசணியில் சாம்பார் வைக்கலாமா என்று கேள்வி.

வைக்கலாம், வைத்துவிட்டு வருத்தப்படலாம். விளக்கு வைக்கும் பூசணி சாப்பாட்டுக்காக வளர்த்ததில்லை. இங்கே பரவலாகக் கிடைக்கும் ஹவ்டன் ரகம் மாசசூசெட்ஸில் ஒரு விவசாயி தேர்ந்தெடுத்து உருவாக்கியது. காம்பு தடியாக, தோல் உறுதியாக, குடைந்தால் சரியாமல் நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். சதை நாரும் தண்ணீரும். நம் பரங்கிக்காய் வேறு இனம். இங்கே டப்பாவில் அடைக்கும் பூசணி பெரும்பாலும் இலினாயில் விளைவது, அது நம் பரங்கிக்குச் சொந்தக்கார இனம், பட்டர்நட்டும் அதே இனம்தான்.

பண்ணையில் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் குவியலில் சப்பையாக, வரிவரியாக, சந்தன நிறத்தில் ஒன்று இருக்கும். லாங் ஐலண்ட் சீஸ் என்று பெயர். யோசிக்காமல் அதை எடுங்கள். மாமா தூரத்திலிருந்தே கண்டுபிடித்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். புளிக்கூட்டு வைத்தோம். அச்சு அசல் ஊர் ருசி.

நவம்பர் 1

இந்த வருடம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் சின்னவன் டைனோசர். மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு அதிரசம் கொடுக்கலாம் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். காகிதம் சுற்றாததை யாரும் வாங்க மாட்டார்கள், ஒவ்வாமை பார்ப்பார்கள் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வாசல் குத்துவிளக்கைப் பார்த்து ஒரு குட்டிப் பேய் ‘உங்க பூசணி எங்கே?’ என்று கேட்டது.

நவம்பர் 4

கேள்வி கேட்டவர் போய்வந்து எழுதியிருக்கிறார். இறங்குமிடத்தில் நின்று பார்த்தார்களாம், பையன் ‘நான் இங்கேயே இருக்கேன்’ என்று சொல்லிவிட்டானாம். வண்டியில் ஏறவே இல்லை. மீதி நேரம் முழுதும் சோளமணித் தொட்டிக்குள் கிடந்தானாம். டிக்கெட் காசு வீண்தானே என்று கேட்கிறார். எப்படி வீணாகும், அவன் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, நீங்களும் விட்டீர்கள், மூன்று மணி நேரம் விளையாடியிருக்கிறான்.

அந்தத் தொட்டி எங்கள் வீட்டில் வேறு விவகாரம். மணல் தொட்டி மாதிரி, மணலுக்குப் பதில் உலர்ந்த சோளமணி, இடுப்பு வரை. பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள். மாமா ஓரத்தில் நின்று பார்த்தார், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தானியத்தைக் காலால் மிதிப்பதை அவரால் பார்க்க முடியவில்லை. ‘அப்பாரு, நீங்களும் வாங்க!’ என்று பேத்தி கூப்பிட்டதற்குச் செருப்பைக் கழற்றிவிட்டு விளிம்பில் உட்கார்ந்து கையால் அள்ளி அள்ளிப் பார்த்தார். ஈரப்பதம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குச் சொன்னார். காலை மட்டும் உள்ளே வைக்கவில்லை.

மிச்சப் பூசணியை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார். குடையாதது, பெயின்ட் படாதது என்றால் ஆடு வளர்ப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள். மெழுகு வழிந்தது, பளபளப்பு அடித்தது, பிளீச் தெளித்தது எதையும் கொடுக்காதீர்கள். காட்டு ஓரத்தில் வீசுவதும் வேண்டாம், மான் வரும், பின்னாலேயே கரடியும் வரலாம். ஆமாம், நியூ ஜெர்சியில் கரடி உண்டு, அந்தப் பேச்சுக்கு இங்கே வேறு இழை (த்ரெட்) இருக்கிறது.

பையனின் சாக்ஸையும் பேன்ட் மடிப்பையும் உதறிவிட்டு வாஷிங் மிஷினில் போடுங்கள். எங்கள் மிஷின் வடிகட்டியில் இன்னும் சோளம் வந்துகொண்டிருக்கிறது.